மயிலாத்தாள் கடைப் பிரிண்டர் சொன்ன கடைசி விலை

கோயமுத்தூரில் மோட்டார் சந்து என்று ஒரு சந்து இருந்தது. அங்கே கடைசி விலை என்பது சாமியாரின் சம்பாத்தியம் மாதிரி. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்று ஒருத்தருக்கும் தெரியாது. பேரிங் வாங்க வந்தவன் காலையில் விலையைக் கேட்டுச் சிரிப்பான், மத்தியானம் கோபித்துக்கொண்டு சந்துமுனை வரைக்கும் போவான், திரும்பி வந்து அழுவான், சாயங்காலம் சாமானைத் தூக்கிக்கொண்டு போகும்போது கடைக்காரரை மாமா என்று கூப்பிட்டுவிட்டுப் போவான். நடுவில் டீ வரும், வடை வரும், இரண்டு வீட்டாரின் வியாதிகளும் வரும், "உங்களுக்காகத்தாங்க" என்ற சொல் வரும், கடைசி விலை மட்டும் வரவே வராது.

அந்தச் சந்தில் விலையைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இறக்குவதில் மயிலாத்தாளை மிஞ்ச ஆளில்லை. கூடையில் வாசரும் நட்டும் போட்டு வீதி வீதியாக விற்ற காலத்தில் ஊரே அவளை ஏமாற்றியது. அந்தப் படிப்புக்கு அவள் கட்டாத ஃபீஸ் இல்லை. படித்து முடித்தபின் ஊருக்கே வாத்தியாரானாள். கோபம் வந்தால் தராசுத் தட்டு ஆடும், கோபம் வராதபோதும் ஆடும். சந்தின் நடுவில் வாடகைக்கு ஒரு கடை பிடித்து, பம்ப்செட் சாமான் மொத்த வியாபாரம் போட்டு, கணக்குக்குக் கலாமணி என்ற பெண்ணையும், கம்ப்யூட்டரையும், ஒரு பிரிண்டரையும் உட்கார வைத்தாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தக் கடை அவள் பேரில் வர வேண்டும். பழைய ஓனர் "உனக்குத்தான் குடுப்பேன் மயிலா" என்று சொல்லிக்கொண்டே இருந்து, விலை சொல்லாமலே செத்துப்போனார். அவர் மகன் விசாகன் மெட்ராஸில் இருந்தான்; கேட்டால் "பார்க்கலாம் மேடம்" என்பான். அவன் பார்க்கும் நாளுக்காக அவள் மிச்சம் பிடித்தாள். வெயிலில் ஃபேனை நிறுத்தினாள், மழையில் லைட்டை நிறுத்தினாள், பில் அடித்த பேப்பரின் முதுகிலும் பில் அடித்தாள். எதை நிறுத்தியும் பிரிண்டர் டோனர்த் தூளைத் தின்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

"மிஷினக் கம்மி விலைக்குக் குடுக்கறான், அப்பறம் டோனருன்னு வந்து உசுர எடுக்கறான்" என்பாள். "மாப்பிள்ளையச் சும்மா குடுத்துப்போட்டு மாசாமாசம் சீர் கேக்கற மாதிரி."

டோனர் தீர்ந்தது என்று திரையில் வந்தால் கார்ட்ரிட்ஜை வெளியே இழுத்து, பிள்ளைக்கு வயிற்று வலி என்று தாலாட்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவாள். அதில் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மறுபடி தீர்ந்தது என்று வந்தால் திட்டி ஆட்டுவாள். அதிலும் கொஞ்சம் ஓடும். அடித்தும் வராது என்றான பிறகுதான் ரீஃபில் போடும் ஜெயசீலனுக்குப் போன் போகும். அவன் பைக்கில் வருவான், தரையில் பழைய பேப்பரை விரிப்பான், கார்ட்ரிட்ஜில் சுட்ட கம்பியால் துளை போட்டுத் தூளை ஊற்றி டேப் ஒட்டுவான். போகும்போது மூக்கும் மீசையும் ஒரே நிறமாக இருக்கும்.

அன்றைக்கு அவன் புனலை எடுக்கும் முன்பே மயிலாத்தாள் ஆரம்பித்தாள்.

"போன தடவ எவ்வளவு வாங்கின?"

"இதேதானுங்க்கா."

"போன தடவ ஏமாந்துட்டேன். இந்தத் தடவையும் ஏமாறச் சொல்றியா?"

"அக்கா, இது தூள் விலைதானுங்க. என்ற கூலியே இதுல இல்லீங்."

"கூலி இல்லாத வேலைக்கு எவனாச்சும் பெட்ரோல் போட்டுட்டு வருவானா? எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கிற. எங்கன்னு காட்டு."

ஜெயசீலன் இறங்கினான். அவள் இன்னும் இறக்கினாள். அவன் தன் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸைச் சொன்னான்; அவள் தான் ஸ்கூலுக்கே போகாததைச் சொன்னாள். எதிர்க்கடை நாச்சிமுத்து தன் கடையை விட்டு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் ஜெயசீலன் கும்பிட்டான்.

"இதுக்கும் கீழ போனா நல்ல தூள் போட முடியாதுங்க்கா. வேஸ்ட்டுத் தூள்தான்."

"வேஸ்ட்டுத் தூள் கறுப்பா, வெள்ளையா?"

"கறுப்புதானுங்."

"அப்பறமென்ன? போடு."

கார்ட்ரிட்ஜுக்குள் பேப்பரில் ஒட்டாமல் போன தூள் விழுவதற்கென்று ஓர் அறை உண்டு. ஊரில் உள்ள ஆபீஸ்களின் அந்த அறைகளை எல்லாம் வழித்து வழித்து ஜெயசீலன் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். வக்கீல் நோட்டீஸில் ஒட்டாதது, கல்யாணத் தரகரின் ஜாதகத்தில் ஒட்டாதது, சீட்டுக் கம்பெனியின் வாக்குறுதியில் ஒட்டாதது எல்லாம் அதில் இருந்தது. கொட்டுவதற்கு எடுத்துப் போகிற வழியில்தான் இவள் கூப்பிட்டிருந்தாள். ஊற்றினான், டேப் ஒட்டினான், காசைக்கூட எண்ணாமல் ஓடிப்போனான்.

அதற்குப் பிறகு பிரிண்டர் கடைசி விலையை அடிக்க ஆரம்பித்தது.

முதலில் அடித்தது ஒரு மில்லுக்குப் போன கொட்டேஷன். மூன்று பக்கம், மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆதரவை நாடும், பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது என்று வழக்கமான கும்பிடுகளோடு, இறக்குவதற்கு வசதியாக ஏற்றி வைத்த விலை. மயிலாத்தாளே பட்டனை அழுத்தினாள். வந்தது ஒரே தாள், ஒரே வரி. அவள் மனசின் அடிமட்டத்தில், எத்தனை டீ குடித்தாலும் இதற்குக் கீழே போகமாட்டேன் என்று வைத்திருந்த விலை. கலாமணி அதைப் பார்க்காமல் கவரில் போட்டு அனுப்பிவிட்டாள். மில் மேனேஜர் போனில் வந்தார். "சரிங்கம்மா, சரக்கை ஏத்தி விடுங்க" என்றார். வைத்துவிட்டார்.

மயிலாத்தாள் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றாள். "ஒரு வார்த்த பேசாம வாங்கிட்டானே" என்றாள். இழவு வீட்டில்கூட அவள் குரல் அப்படி இறங்கியதில்லை.

"ஸ்க்ரீன்ல சரியாத்தானுங்க இருக்குது" என்றாள் கலாமணி. "பேப்பர்லதான் குறையுது. வெட்டிப் பேச்சுக்கெல்லாம் தூளச் செலவு பண்ண மாட்டேங்குதாட்டம்."

மயிலாத்தாள் பிரிண்டருக்கு ஓங்கி ஓர் அறை வைத்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி அதே வரி. புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாரங்கள் போயும் டோனர் குறையவில்லை, டோனர் மிச்சம் பிடிக்கிற மிஷினை வெளியே தள்ள மயிலாத்தாளுக்குக் கை வரவில்லை. தன் கொட்டேஷனைக் கார்பன் வைத்துக் கையால் எழுதிக்கொண்டாள். பிரிண்டர் மூலையில் சும்மா இருந்தது.

சும்மா இருக்க ஊர் விட்டால்தானே. நாச்சிமுத்து தன் கடைக்கு ரேட் கார்டு அடிக்க வந்தார், தன் கடைசி விலையைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்து போய் நாலு பேரிடம் சொன்னார். அடுத்த நாள் சந்தில் வரிசை நின்றது. யார் பட்டனை அழுத்துகிறார்களோ அவர்கள் எதற்குச் சம்மதிப்பார்களோ அதுதான் வரும் என்று சீக்கிரமே பழகிப்போயிற்று. குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரிந்துகொண்டதைப் போலத் தெரிந்துகொண்டார்கள், அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் வந்து தனித்தனியே சீர் பட்டியல் அடித்து, ஒன்றை ஒன்றோடு ஒட்டிப் பார்த்து, சண்டை போட வாங்கி வந்த வெற்றிலையைச் சும்மா மென்றுவிட்டுப் போனார்கள். பாகம் பிரிக்க வந்த அண்ணன் தம்பி, வக்கீலை வாசலிலேயே நிறுத்திவிட்டு முடித்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்தவருக்கு "சுற்றமும் நட்பும் சூழ" என்பதெல்லாம் போய், "பந்தி நேரத்துக்கு வந்தால் போதும்" என்று வந்தது. ஜனங்களும் சரியாகப் பந்தி நேரத்துக்கு வந்தார்கள். வார்டு எலெக்‌ஷனில் நின்றவர் நான்கு பக்க வாக்குறுதியை அடிக்க, "சாக்கடை ஒன்றைத் தூர் வாரித் தருகிறேன்" என்று ஒற்றை வரி வந்தது. வேறு வழியில்லாமல் அதையே ஒட்டினார், ஜெயித்தார், வாரிவிட்டார்.

மயிலாத்தாள் இதிலும் காசு பார்க்க நினைத்தாள். "ஒரு பக்கம் பத்து ரூபாய்" என்று அறிவிப்பு அடித்தாள். "ஒரு ரூபாய்" என்று வந்தது. வரிசையே படித்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு ரூபாய்தான்.

ஆனால் சந்து மாறிப்போயிற்று. கடைதோறும் அந்தத் தாள் தொங்கியது. வந்தவன் படித்தான், கொடுத்தான், போனான். கத்தல் இல்லை, சத்தியம் இல்லை, சந்துமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவது இல்லை. சாமானோடு வீட்டுக்குப் போனவனிடம் "எவ்வளவு குறைச்சீங்க?" என்று வீட்டில் கேட்க, அவன் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஏமாந்த மாதிரியே இருந்தது, எங்கே ஏமாந்தோம் என்றுதான் தெரியவில்லை. டீக்கடை சின்னராசுவின் பால் மத்தியானத்துக்கே திரிந்தது.

"அக்கா, உங்க மிஷின் என்ற பாய்லர அணைச்சுப்போடுச்சுங்" என்றான் அவன். "முந்தியெல்லாம் ஒரு மோட்டாருக்கு எட்டு டீ போகும். இப்ப ஒரு லோடு போகுது, ஒரு டீ போகலீங்."

"என்னை எதுக்குடா சொல்ற? மிஷினப் போயிக் கேளு."

"கேக்கலாமுங். அடிச்சுக் காட்டீருமே."

இன்னொன்றுதான் அவளை உறுத்தியது. கையிருப்பில் இல்லாத சாமானை எதிரும் புதிருமான இரண்டு கடையும் மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரு பேரிங் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு மத்தியானம் பூராவும் நிற்கும், நாச்சிமுத்து அவளை ராட்சசி என்பார், அவள் அவரைக் கஞ்சப் பிசினாறி என்பாள், மனைவி செத்த நாச்சிமுத்துவும் புருஷனை எப்போதோ துரத்திவிட்ட மயிலாத்தாளும் அதற்குப் பிறகுதான் வயிறாரச் சாப்பிடுவார்கள். இப்போது அவர் ஆளிடம் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார். சீட்டில் விலை இருந்தது. சரியான விலை. அவள் அதைக் கசக்கி எறிந்தாள்.

இந்த நேரத்தில்தான் விசாகன் போன் செய்தான்.

"மேடம், கடையைக் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு மொபைல் ஷோரூம்காரங்க கேட்கறாங்க. நீங்க அப்பா காலத்து ஆளு, அதனால முதல்ல உங்களுக்கு."

"சொல்லுங்க தம்பி. என்ன விலை?"

"நான் எதுக்கு மேடம் சொல்லணும்? உங்க பிரிண்டரைப் பத்திக் கேள்விப்பட்டேன். என் எதிரில ஆஃபரை அடிங்க. அதுல என்ன வருதோ அதுக்கு முடிச்சுக்கலாம். பேச்சே வேண்டாம்."

"நீங்களும் ஒண்ணு அடிப்பீங்களா?"

"நான் விக்கறவன், எனக்கு என்ன அவசரம்? அடிக்கலைன்னா சொல்லுங்க, ஷோரூம்காரங்க செக்கோட நிக்கறாங்க."

சரி என்று போனை வைத்த மயிலாத்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல்லாக் காசை எண்ணும்போது கணக்கை விட்டாள். விற்கிறவளின் கடைசி விலை கீழே இருக்கும். வாங்குகிறவளின் கடைசி விலை மேலே இருக்கும். எவ்வளவு மேலே என்று அவளுக்கே தெரியாது. கழுத்துச் செயின், ஊரில் உள்ள காணி, கோடவுன் சரக்கு, பேங்கில் போட்டது, இனி சம்பாதிக்கப்போவது என்று மனசு ஏணி போட்டு ஏறிக்கொண்டே போனது. அந்தத் தாள் அத்தனையையும் அவன் கையில் கொடுத்துவிடும். கடை மிஞ்சும், கடைக்குள் வைக்க ஒரு நட்டு மிஞ்சாது.

விசாகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். பால் வெள்ளைச் சட்டை, பால் வெள்ளைப் பேண்ட். கார் சந்துக்குள் நுழையாததால் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, சாணியைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தான். சந்து முழுக்கக் கடை வாசலில் கூடிவிட்டது. நாச்சிமுத்துவும் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக நின்றார்.

"அடிங்க மேடம். எனக்கு ஃப்ளைட் இருக்கு."

கலாமணி டைப் செய்து வைத்திருந்தாள். மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

பிரிண்டர் முனகியது. இத்தனை நாளும் ஒற்றை வரியைத் துப்பிவிட்டுத் தூங்கிய மிஷின், அன்றைக்கு உரலில் மாவாட்டுவது போல அரைத்தது, சூடேறியது, ஆடியது, மேஜை ஆடியது, மேலே இருந்த சாமி படம் ஆடியது. மெல்ல மெல்ல ஒரு தாள் வெளியே வந்தது. முழுக்கக் கறுப்பு. ஓரம் விடாமல், மூலை விடாமல், ஒரு வெள்ளைப் புள்ளி விடாமல், எருமையின் முதுகு மாதிரி கறுப்பு. அவள் அந்தக் கடைக்கு எவ்வளவு கொடுப்பாள் என்பதற்கு ஓர் எண் இல்லை. இருந்தால் அது அடித்திருக்கும். மிச்சம் பிடித்து வைத்திருந்த தூளை எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் கொட்டிவிட்டு, பிரிண்டர் திரையில் "டோனர் இல்லை" என்று காட்டி அணைந்தது.

விசாகன் தாளை வாங்கினான். திருப்பினான், வெளிச்சத்தில் பிடித்தான், விரலால் தேய்த்துப் பார்த்தான். மட்டமான தூள், பேப்பரில் ஒட்டவில்லை, விரலில் ஒட்டியது.

"என்ன மேடம் இது?"

மயிலாத்தாள் அவன் விரலைப் பார்த்தாள். "என்ற விலைங்க தம்பி. நல்லாப் படிங்க."

"ஒண்ணும் தெரியலையே. இன்னொரு தடவை அடிங்க."

"தூள் தீந்துபோச்சுங். புதுசு போட்டா எல்லா மிஷினையும் மாதிரி நான் டைப் அடிச்சதத்தான் அடிக்கும். வேணுமாங்?"

விசாகன் வாட்சைப் பார்த்தான். நெற்றி வியர்த்தது, துடைத்தான். நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. "சரி, நானே சொல்றேன்" என்று மூக்கைச் சொறிந்துகொண்டு கோடியில் ஒரு விலையைச் சொன்னான்.

நாச்சிமுத்து குபுக்கென்று சிரித்துவிட்டார். பல மாசமாகச் சிரிக்காத மனுஷன். அந்த மூக்கைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. அவருக்குப் பின்னால் சந்தே சிரித்தது.

விசாகன் அதிர்ந்துபோனான். "ஏன் சிரிக்கறாங்க?"

"விலையக் கேட்டுத்தானுங்" என்றாள் மயிலாத்தாள். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. அந்த முகத்தை அப்படிப் பிடித்து வைத்திருந்ததுதான் அவள் செய்த வியாபாரங்களிலேயே கஷ்டமானது என்று பிற்பாடு சொன்னாள். "உங்க காரு எங்கீங்க நிக்குது?"

"மெயின் ரோட்டுல."

"ஷோரூமுக்குப் போன் வாங்க வர்றவங்க காரு எங்க நிக்கும்?"

விசாகன் கன்னத்தைத் தடவி யோசித்தான். கன்னம் போயிற்று. லட்சத்துக்கு இறங்கினான். ஷோரூம்காரங்களின் செக் பொய் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. சந்து மறுபடி சிரித்தது. சின்னராசு டீ கிளாஸ் தட்டோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மழை பேஞ்சா இடுப்பளவு தண்ணி நிக்கும். போனெல்லாம் நீச்சல் அடிக்குமுங்களா?"

"அது... முனிசிபாலிட்டிகிட்ட..." என்று மீசையை நீவினான். மீசை இரண்டு மடங்கு ஆனது. ஒரு சிரிப்பு அலை வந்து அவன் விலையை இன்னும் கீழே தள்ளிக்கொண்டு போனது.

"மேல்கூரைய நிமிந்து பாருங்."

நிமிர்ந்து பார்க்கும்போது கழுத்தைத் தடவினான். கழுத்தும் காலரும் முடிந்தன. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தார்கள், விலைகளின் சத்தம் செத்துக்கிடந்த சந்தில் அவள் குரல் ஏறியது, அவன் குரல் இறங்கியது, யாரோ டீ சொன்னார்கள், யாரோ "பாவமுங், இன்னொரு சுத்து விட்டுக் குடுங்" என்றார்கள், நாச்சிமுத்து "ராட்சசி, கொன்னுபோடாத" என்று கத்தினார். அது காதில் விழுந்தபோது மயிலாத்தாள் ஒரு நொடி அவர் பக்கம் திரும்பிவிட்டு, விசாகனை மேலும் ஒரு படி இறக்கினாள்.

கடைசியில், உள்ளங்கைக் கறுப்பையும் சட்டையில் துடைத்துவிட்டு, "இதுக்குக் கீழ முடியாது மேடம்" என்றான் விசாகன். அழும் நிலையில் இருந்தான்.

"உங்களுக்காகத்தாங்க" என்றாள் அவள். முடித்தாள்.

நாச்சிமுத்து கையால் எழுதினார், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அட்வான்ஸ் கை மாறியது. விசாகன் தலை குனிந்து நடந்து, கார்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது மெயின் ரோட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. யாரும் திரும்பவில்லை. ஏற்கெனவே இரண்டு கடையில் சண்டை ஆரம்பமாகியிருந்தது; யாரோ ரேட் தாளைக் கிழித்து வடை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மயிலாத்தாள் நாச்சிமுத்துவிடம் ஒரு சுத்தியல் கேட்டாள். இத்தனை வருஷ வாடகையில் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க அந்தக் குடும்பம் விட்டதில்லை; சுண்ணாம்பு உதிரும் என்பார்கள். அவள் நட்ட நடுவில் ஆணியை வைத்து, ஓங்கி அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது.

"என்ன மாட்டப்போற?" என்றார் நாச்சிமுத்து.

"ஒண்ணுமில்லீங்" என்றாள் மயிலாத்தாள். பக்கத்தில் இன்னொன்று அடித்தாள்.